கண்ணில் தெரியாத மஞ்சள்

“எனக்கும் மஞ்சக்காமாலை வந்துச்சு சார். கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து ஏழு நாள் குடிச்சேன். போயே போச்சு.” இந்தப் பேச்சைக் கேட்காத கல்லீரல் மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. மஞ்சள் வந்தது உண்மை, குடித்தது உண்மை, போனதும் உண்மை. மூன்றையும் கோத்து எடுக்கும் முடிவில்தான் கோளாறு. ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ (கல்லீரலில் அழற்சி உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் இருக்கிறது என்று பொருள்) என்று வந்த இன்னொருவருக்கு இதே வைத்தியத்தைச் சிபாரிசு செய்யும்போது அந்தக் கோளாறு உயிரைத் தொடும் அளவுக்குப் போகிறது. மஞ்சள் காமாலை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஏ முதல் ஈ வரையிலான ஐந்து ஹெபடைடிஸ் வைரஸ்களையும் பித்தப்பைக் கல்லையும் சாராயத்தையும் அளவு மீறிய மாத்திரையையும் சேர்த்து அடைத்து வைத்திருக்கிறோம். விளைவு, கண் மஞ்சளாகவே ஆகாத கல்லீரல் நோயாளிக்கு நம் பேச்சில் பெயரே இல்லாமல் போய்விட்டது.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதையும்போது கிடைக்கும் கழிவுதான் பிலிரூபின். கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் நிறமே அதிலிருந்து வருவதுதான். ரத்தத்தில் பிலிரூபின் ஒரு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டி இருப்பது வழக்கம். இரண்டரை, மூன்றைத் தாண்டினால்தான் கண்வெள்ளையில் தெரியும். கல்லீரல் செல்கள் அழற்சியில் வீங்கினால், கரையும் வடிவுக்கு மாறிய பிலிரூபின் குடலுக்குப் போக வழியின்றி ரத்தத்துக்கே திரும்பிச் சிறுநீரில் இறங்கும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போவதும் மலம் வெளுப்பதும் அதனால்தான். ஆக, கல்லீரல் செய்யும் நூற்றுக்கணக்கான வேலைகளில் ஒன்று தடைப்பட்டிருக்கிறது என்பதுதான் மஞ்சள் சொல்லும் செய்தி. ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்புக்குக் கையிருப்பு அதிகம். பெரும்பகுதி கெட்டாலும் மிச்சப் பகுதி முழு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். இருபது வருடமாக ஒரு கல்லீரல் தழும்பேறி இறுகிக்கொண்டிருக்கும்போதும் கண் பளிச்சென்று வெள்ளையாக இருக்கலாம்.

கீழாநெல்லிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும். குடிநீரில் கழிவுநீர் கலந்தால் வருபவை. 1955 டிசம்பரில் டெல்லியில் நஜாப்கர் வடிகால் நீர் யமுனையிலிருந்து நகரக் குடிநீருக்குள் புகுந்து, சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது ஈ வகை என்று பின்னாளில்தான் தெரிந்தது. இவ்விரண்டும் பெரும்பாலானவர்களிடம் நான்கு முதல் எட்டு வாரங்களில் தாமாக அடங்கிவிடும். எந்தக் கஷாயம் குடித்தாலும் அடங்கும், குடிக்காவிட்டாலும் அடங்கும். அடங்காத சிலரைத்தான் கவனிக்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஈ வந்தால் ஐந்தில் ஒருவர்வரை இறக்கக்கூடும். மற்றவர்களிலும் தூக்கம் தலைகீழாவது, பேச்சு குழறுவது, ஈறில் ரத்தம் கசிவது, ரத்தம் உறையும் கணக்கான ஐ.என்.ஆர். 1.5-ஐத் தாண்டுவது ஆகியவை கல்லீரல் செயலிழக்கும் அறிகுறிகள். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. 2,000-லிருந்து 300-க்கு இறங்கியதும் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். எஸ்.ஜி.பி.டி. என்பது காயப்பட்ட கல்லீரல் செல்களிலிருந்து ஒழுகும் நொதி. பிலிரூபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டிருக்கும்போது அது மட்டும் இறங்கினால், ஒழுகுவதற்குச் செல்களே மிச்சமில்லை என்று பொருள். பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பு, எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சியில் ஆளை வாட்டுவது, புதிய செல்களைக் கட்டவேண்டிய உறுப்புக்குச் செங்கல்லையும் சிமென்ட்டையும் நிறுத்துவது போல. வாந்தி இல்லாதவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவதும் வீண். நிறுத்த வேண்டியவை மது, கணக்கில்லாமல் விழுங்கும் பாராசிட்டமால், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகள்.

சென்னையில் கிடைத்த 59 சதவீதம்

கீழாநெல்லியைக் கிண்டல் செய்துவிட்டு நகர்வது எளிது; நேர்மையும் ஆகாது. ஏனென்றால் அதை முறையாகச் சோதித்துப் பார்த்ததும் நம் ஊரிலேயேதான். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி.தியாகராஜன் குழுவினரின் ஆய்வு வெளியானது. கூட்டாசிரியர்களில் ஒருவர் பரூக் புளூம்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்ற பெயரில் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய பிறந்தநாளான ஜூலை 28-தான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம். அப்படிப்பட்டவரே மதித்துக் கைவைத்த செடி இது.

ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்த 78 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடியும் மற்றவர்களுக்கு மருந்தில்லா வெற்றுக் குளிகையும் கொடுத்தார்கள். முடிந்து 15 முதல் 20 நாளில் பரிசோதித்தபோது, செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்திருந்தது, அதாவது 59 சதவீதம். வெற்றுக் குளிகை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. நாட்டு மருந்துக் கடைக்காரர் இதை மாட்டி வைத்தால் அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை.

ஆனால் கூட்டிப் பாருங்கள். 37-ம் 23-ம் சேர்ந்தால் 60. தொடங்கியவர்கள் 78. பதினெட்டுப் பேர் கடைசிக் கணக்கில் இல்லை. இத்தனை சிறிய ஆய்வில் பதினெட்டுப் பேர் குறைந்தால் முடிவு எந்தப் பக்கமும் சாயும். அடுத்தது, வைரஸ் உள்ளே வந்து எத்தனை காலம் ஆனது என்ற கேள்வி. வளர்ந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி புதிதாகத் தொற்றினால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேரிடம் அவர்களுடைய எதிர்ப்பு சக்தியே ஆறு மாதத்துக்குள் அதை அடக்கிவிடும், எச்.பி.எஸ்.ஏ.ஜி. தானாகவே நெகட்டிவ் ஆகும். அப்படிப்பட்ட சிலர் இது போன்ற ஆய்வுக்குள் கலந்துவிட்டால் தண்ணீர் கொடுத்தாலும் ‘குணம்’ தெரியும். ஆறு மாதத்தைத் தாண்டி வைரஸ் தங்கிவிட்டவர்களின் கதை வேறு. அவர்களிடம் எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். இன்று உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் டெனோஃபோவிர் மாத்திரைகூட அந்த வேகத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. ஒரே மாதத்தில் 59 சதவீதம் என்பது உண்மையாக இருந்தால், இன்றைய எந்த மருந்தும் அதன் கால்தூசிக்கு வராது. 1990-ல் தாய்லாந்தில் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த விளைவு கிடைக்கவில்லை. பிற்பாடு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் நம்பும்படியான சான்று இல்லை என்றே எழுதினார்கள்.

அறிவியலில் இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. நல்ல கேள்வி கேட்டார்கள், முதல் பதில் நிற்கவில்லை. சங்கடம் என்னவென்றால், முதல் பதில் மட்டும் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த பதில்கள் வரவில்லை. வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று ‘அன்ஃபிட்’ ஆன இளைஞர் மறுபரிசோதனைக்கு முன் ஒரு மண்டலம் கீழாநெல்லி சாப்பிடக் கிளம்பினால், அவர் பிடித்துக்கொண்டு நடப்பது அந்த முதல் பதிலின் வாலைத்தான்.

திண்ணை, உள்ளறை, பத்திரம்

ஒரு வைரஸை ஏன் துரத்த முடிகிறது, இன்னொன்றை ஏன் முடியவில்லை என்பதற்கு விடை அது செல்லுக்குள் எங்கே குடியிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி ஓர் ஆர்.என்.ஏ. வைரஸ். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் அது போவதே இல்லை. திண்ணையில் படுத்துக்கொண்டு பெருகுகிறது. பெருகுவதைப் பன்னிரண்டு வாரம் தடுத்தால் தங்க இடமின்றி ஒழிந்துபோகும். அதற்கான மாத்திரைகள் சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லாடாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒருவேளை. முழுதாகச் சாப்பிட்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். குணம் என்றால் மருந்து முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்தும் ரத்தத்தில் ஆர்.என்.ஏ. இல்லாமல் இருப்பது. எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சாதாரண ஆன்டிபாடி பரிசோதனை குணமான பிறகும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ் என்றே காட்டும். அதைப் பார்த்து இரண்டாம் முறை மருந்து கேட்டு வருபவர்கள் உண்டு.

ஹெபடைடிஸ் பி உள்ளறைக்குப் போய்விடுகிறது. கல்லீரல் செல்லின் உட்கருவில் தன் டி.என்.ஏ.வை ஒரு மூடிய வட்டமாக முடிந்து வைக்கிறது. டெனோஃபோவிர் 300 மில்லிகிராமோ என்டெகாவிர் 0.5 மில்லிகிராமோ அந்த வட்டத்திலிருந்து புதுப் பிரதிகள் உருவாவதை நிறுத்தும், வட்டத்தை அழிக்காது. அதனால்தான் இந்த மாத்திரை பலருக்குப் பல்லாண்டுக் கணக்கு. இந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. வைரஸ் இருக்கும் செல்லை நம் எதிர்ப்பணுக்கள் தாக்குகின்றன. அந்தச் சண்டையின் தழும்புதான் நார்த்தசை. பிறந்த குழந்தையின் எதிர்ப்பு சக்திக்கு இந்த வைரஸை எதிரி என்று அடையாளம் தெரியாது. சண்டை இல்லை, மஞ்சள் இல்லை, வைரஸும் போவதில்லை. பிறக்கும்போது தொற்றியவர்களில் 90 சதவீதம் பேருக்கு அது நிரந்தரமாகிவிடுகிறது. முப்பது, நாற்பது வயதில் சண்டை தொடங்கும்போது கல்லீரல் சுருங்கி, அடிவயிற்றில் நீர் கோத்து, உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்து ரத்த வாந்தி எடுத்து வருகிறார்கள். வைரஸ் தன் டி.என்.ஏ. துண்டுகளை நம் குரோமோசோமிலும் செருகுவதால், கல்லீரல் சுருங்காமலேயேகூடப் புற்றுநோய் வரலாம். பூசணம் பிடித்த வேர்க்கடலையில் உள்ள அஃப்ளாடாக்ஸின் நஞ்சு இதோடு சேர்ந்தால் அந்த ஆபத்து பல மடங்கு. அந்தக் கடலையைத் தேய்த்துக் கழுவிப் பயனில்லை, கொட்டிவிட வேண்டும்.

எச்.ஐ.வி. வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிவிடுகிறது. எதிர்ப்புப் படையை வழிநடத்தும் சிடி4 அணுக்களைப் பிடித்து, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி, நம் குரோமோசோமில் தைத்துவிடும். நீண்ட காலம் உறங்கும் நினைவு அணுக்களுக்குள் அந்தப் பத்திரம் பத்திரமாக இருக்கும். மருந்து நிறுத்தினால் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். கன மில்லிமீட்டருக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டிய சிடி4, 200-க்குக் கீழே விழும்போது காசநோய், நுமோசிஸ்டிஸ் நிமோனியா, மூளைச்சவ்வில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை என்று வரிசை கட்டும். மருந்தில்லாமல் அந்த நிலைக்கு வரப் பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். இங்கும் நோய் வளரும் காலம் முழுக்க வெளியே ஒன்றும் தெரியாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரிந்ததும் ஒரு மஞ்சளில்தான் என்பது விநோதமான பொருத்தம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துச் சென்று எலிசா பரிசோதனை செய்தார். ஆறு மாதிரிகள் பரிசோதனைத் தட்டின் குழியில் மஞ்சளாக மாறின; தொற்று உண்டு என்பதற்கான நிறம் அது. அந்தப் பெண்களின் கண் மஞ்சளாக இல்லை. கல்லீரல் வைரஸ்களுக்கும் எச்.ஐ.வி.க்கும் நம்பத்தகுந்த மஞ்சள் அந்தத் தட்டின் குழியில் தெரிவதுதான்.

எதற்கு எவ்வளவு பயம்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2022-ல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் சுமார் 2.98 கோடி, சி உள்ளவர்கள் 55 லட்சம். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம். நம் பயம் இந்தக் கணக்குக்கு நேர் தலைகீழ். நோயாளியிடம் பயன்பட்ட ஊசி கையில் குத்தினால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் சி சுமார் 2 சதவீதம், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி 6 முதல் 30 சதவீதம்வரை. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே காய்ந்தால் வேகமாக வலுவிழக்கும். ஹெபடைடிஸ் பி காய்ந்த ரத்தக் கறையில் ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். ஒருவரின் சவர பிளேடை இன்னொருவர் எடுப்பது, பச்சை குத்தும் ஊசி, ஒரே சிரிஞ்சில் பலருக்குப் போடும் ஊசி எல்லாம் இதற்கு ராஜபாட்டை. 2009-ல் குஜராத்தின் மோடாசா பகுதியில் சிரிஞ்சை மறுபடி மறுபடி பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு சிரிஞ்சை வைத்துக்கொண்டாலும் பிசகுதான். மருந்தோடு ரத்தத் துளி பின்னோக்கி ஏறும்.

எச்.ஐ.வி. பக்கம் நிலைமை எவ்வளவு மாறிவிட்டது என்பதும் ஊருக்குள் வந்து சேரவில்லை. அரசு கூட்டு மருந்து மையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், தினம் ஒன்று. சத்து மாத்திரையான கால்சியத்தையோ இரும்பையோ வெறும் வயிற்றில் இதோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் ஏறாது. இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டி.எல்.டி.யை எடுக்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவில் இணையருக்குத் தொற்றாது. 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் வேலையிலும் மருத்துவமனையிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

இரண்டும் ஒரே உடலில் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். டி.எல்.டி.யில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் இரண்டு வைரஸையுமே அடக்குபவை. அதனாலேயே ஆபத்தும் உண்டு. எச்.ஐ.வி. நன்றாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால், தூங்கிக்கொண்டிருந்த ஹெபடைடிஸ் பி சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம். டெனோஃபோவிர் இல்லாத புதிய இரு மருந்துக் கூட்டுக்கோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கோ மாறுவதற்கு முன்பும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்தாக வேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொரு தவறு நடக்கும்: எச்.ஐ.வி. பரிசோதிக்காமல் ஹெபடைடிஸ் பி-க்கு என்டெகாவிரை மட்டும் கொடுப்பது. அது எச்.ஐ.வி.யை அரைகுறையாகத் தொட்டு, லாமிவுடினுக்கு அடங்காத வைரஸை வளர்த்துவிடும். ஹெபடைடிஸ் பி மருந்துச் சீட்டு எழுதும் முன் எச்.ஐ.வி. முடிவு கையில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். நோயாளியின் நடத்தை மீதான சந்தேகம் இல்லை.

தாள் கையில் வந்த பிறகு

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. தாளில் உள்ள தேதியை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்றால் நிரந்தரத் தொற்று. அதுவரை காத்திருக்காமல் எஸ்.ஜி.பி.டி., வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்.பி.இ.ஏ.ஜி., ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ. அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், கூடவே சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் தேவை. எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது; ஆனால் எல்லோருக்கும் தொடர் கண்காணிப்பு தேவை. 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையம், தொலைபேசியில் 1097. தொற்றுக்கு வாய்ப்பான சம்பவம் நடந்த மறுநாளே வந்த எச்.ஐ.வி. நெகட்டிவுக்கு மதிப்பில்லை, நான்காம் தலைமுறை எலிசாவாக இருந்தாலும் ஆறு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் 28 நாள் தடுப்பு மாத்திரை உண்டு.

பிறகு வீட்டார். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்து, தொற்றும் எதிர்ப்பும் இரண்டும் இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி. வளர்ந்தவர்களுக்குத் தோள்பட்டைத் தசையில்தான் போட வேண்டும். பிட்டத்தில் போட்டால் எதிர்ப்பு சரியாக உருவாகாது. கர்ப்பிணிக்கு வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால் 28-ம் வாரத்திலிருந்து டெனோஃபோவிர். குழந்தை பிறந்து 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின். பிறகு 6, 10, 14-ம் வாரங்களில் ஹெபடைடிஸ் பி-யும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியான பென்டாவேலன்ட். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றாகச் சாப்பிடுவதால், தட்டு டம்ளர் மாறுவதால் இது பரவாது. பிளேடு, நகவெட்டி, பல்துலக்கி மட்டும் தனி.

இந்த வரிசையில் கடைசியாக நினைவுக்கு வருபவர் பெரும்பாலும் அம்மா. முப்பத்தைந்து வயது ஆணுக்குப் பாசிட்டிவ் என்றதும் வீடு முழுக்க அவர் எங்கே போனார், யாரோடு பழகினார் என்று துருவும். தடுப்பூசி நாடு முழுக்க வழக்கத்துக்கு வருமுன் பிறந்தவர் அவர்; வைரஸ் அவருக்குப் பிரசவ அறையிலேயே வந்திருக்கலாம். அப்படியானால் அறுபது வயதாகும் அந்த அம்மாவின் கல்லீரலில் அது மகனைவிட மூத்த குடித்தனக்காரர். அம்மாவுக்கு ஒருநாளும் கண் மஞ்சளாகியிருக்காது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. ஒன்று பார்த்து, பாசிட்டிவ் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோயைத் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் தொடங்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டரில் தெரியும் கட்டியைச் சுட்டோ வெட்டியோ எடுக்க முடியும். பசியில்லை, எடை குறைகிறது என்று அவரே சொல்லும்போது தெரியும் கட்டி பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும்.